கொடும்பாவிக்கு முளைத்த மீசை

கொன்றையூர் அரசர் குமரகண்டருக்கு மகன் இல்லை; பெருமைகள் மட்டும் இரண்டு. அரியணைக்காகத் தம்பியோடு போரிட்டு அவரை நாட்டைவிட்டே விரட்டியது ஒன்று. வலப்பக்கம் வானத்தையும் இடப்பக்கம் தரையையும் பார்க்கும் மீசை மற்றொன்று.

அந்தப் போரில் மேலத்தெரு அண்ணனுக்காகவும் கீழத்தெரு தம்பிக்காகவும் வெட்டிக்கொண்டன. கூரைகள் எரிந்தன, இரு பக்கமும் பிணம் விழுந்தது. போர் ஓய்ந்தும் பகை ஓயவில்லை. ஒரு தெருவின் சாவுக்கு மறு தெரு எட்டிப் பார்ப்பதில்லை.

இந்நிலையில் மழை பொய்த்தது. ஊர்ப் பாவத்துக்கெல்லாம் உருவமாக வைக்கோலில் கொடும்பாவி செய்து, பாடையில் இழுத்து, ஊரே கூடி ஒப்பாரி வைத்து, மழை வேண்டி எரிப்பது வழக்கம். ஆனால் பாவி யார்? இரு தெருக்களும் ஒன்றையொன்று கைகாட்டின.

அரசர் விகடகவி சாத்தப்பரை அழைத்தார்.

"இரண்டு தெருவும் ஒப்புக்கொள்ளும் முகமாகச் செய்யும். இல்லையேல் பாடையில் நீரே படுத்துக்கொள்ளும்!"

"எரிக்கும்போதுமா, மகாராஜா?"

"அதை மேகத்தைப் பார்த்து முடிவு செய்வோம்."

"எந்த முகமானாலும் தாங்கள் கோபிக்கக் கூடாதே?"

"வாக்களித்தோம்."

சாத்தப்பர் இரு தெருக்களிலும் விசாரித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பாடையில் ஒருமுறை படுத்தும் பார்த்தார். கால் நீட்டத் தாராளமாக இடம் இருந்ததைக் கண்டு துள்ளி எழுந்தார்.

வெள்ளிக்கிழமை அரசர் முன்னிலையில் ஊர் இரண்டு கும்பலாக நின்றது. சாத்தப்பர் கொடும்பாவியை மூடியிருந்த துணியை விலக்கினார். வைக்கோல் முகத்தில் ஒரு மீசை. வலப்பக்கம் வானத்தைப் பார்த்தது. இடப்பக்கம் தரையைப் பார்த்தது.

திடீரென மேலத்தெரு மாரக்காள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அடியே பேச்சி! அந்த மீசையைப் பாருடி!"

பேச்சி கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்ட அவள் தங்கை. போருக்குப் பின் இருவரும் பேசிய முதல் பேச்சு அது. "பார்த்தேன்க்கா! நரை உட்பட அப்படியே இருக்கு!" என்று ஓடிவந்தவள் அக்காள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சிரிப்பு நடுவில் எங்கோ அழுகையாயிற்று. மற்றப் பெண்களும் தெரு பாராமல் கட்டிக்கொண்டு, போரில் போனவர்களையெல்லாம் பேர் சொல்லி அழுதார்கள். ஆண்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

அரசர் முகம் சிவந்தது. "சாத்தப்பரே! நம் மீசை அங்கே எப்படிப் போயிற்று?"

"தொடங்கியது யார் என்று கேட்டேன், மகாராஜா. ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். யாருக்காக அடித்துக்கொண்டீர்கள் என்றேன். 'அரண்மனையில் அண்ணன் தம்பிக்கு ஆகவில்லை, அதற்காக' என்று இரண்டு தெருவும் ஒரே பதிலைச் சொன்னன."

அரசர் நெடுநேரம் தரையைப் பார்த்தார். மீசையின் வலப்பக்கமும் மெல்லத் தரையைப் பார்த்தது.

"சரி, எரியுங்கள். ஏன் நிற்கிறீர்கள்?"

"கொள்ளி வைக்க உரியவர் வரவில்லையே," என்றார் சாத்தப்பர். "மகன் இல்லாதவருக்குத் தம்பியல்லவா வைக்க வேண்டும்?"

அரசர் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, கை மோதிரத்தைக் கழற்றிச் சாத்தப்பரிடம் நீட்டினார்.

"இதை அடையாளமாகக் காட்டித் தம்பியை அழைத்து வாரும். மன்னித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டான். என் மீசையைக் கொளுத்த வேண்டும் என்று சொல்லும். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவான்!"