மஞ்சநேரி நகராட்சிக்குப் புதுக் கட்டடம்

எங்கள் மஞ்சநேரி பேரூராட்சியாக இருந்தவரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. கூட்டம் என்றால் தலைவர் சங்கிலிமுத்துவின் அரிசி ஆலையில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போவார்கள். தூக்கம் வந்தால் சாய்ந்துகொள்ளவும் வசதி. ஊர் பெருத்து நகராட்சி ஆனதும்தான் வினை பிடித்தது. நடு ஊரை மேம்படுத்த வேண்டும், அங்கே நகராட்சி அலுவலகம் புதிதாகக் கட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு என்றால் எங்கள் ஆட்கள் சொன்னது சொன்னபடி செய்கிறவர்கள். உள்ளூர்க்காரன் என்கிற முறையில் பெருமையாகத்தான் இதைச் சொல்கிறேன்.

நடு ஊர் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் சிக்கல்.

"நேத்து நடுவா இருந்தது இன்னைக்கு நடுவா இருக்காது அண்ணாச்சி," என்றார் சைக்கிள் கடை வெயிலுகந்தான். அவர் மூத்த உறுப்பினர். "கிழக்கே மனை போட்டுக்கிட்டே போறானுவோ. ஊரு அந்தப் பக்கம் நீள நீள நடுவும் கூடவே போவும்லா."

தலைவர் வெகுநேரம் யோசித்தார். "அப்போ கட்டடத்துக்குச் சக்கரம் வைக்கணும்னு சொல்லுதீரு."

"வைக்கலாம். மாடு கட்டித்தான் இழுக்கணும். அந்த மாட்டை எங்கே கட்டிப் போடுவீரு? அதுக்கு ஒரு கட்டடம் வேணுமே."

சக்கரம் கைவிடப்பட்டது. அப்போது லூர்தம்மாள் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் என்பதால் மன்றத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கிழக்குக் கோடியிலிருந்து ஒருவர், மேற்குக் கோடியிலிருந்து ஒருவர், ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பிக்க வேண்டும். இரண்டு பேரும் எங்கே சந்திக்கிறார்களோ அதுதான் நடு.

கிழக்கிலிருந்து வெயிலுகந்தானும் மேற்கிலிருந்து இன்னொரு உறுப்பினர் ஹனிபா பாயும் புறப்பட்டார்கள். வெயிலுகந்தான் கொஞ்சதூரம் நடந்ததுமே சந்தை முகப்பில் மாடத்தியின் டீக்கடை வந்தது. அப்போதுதான் பருப்பு வடை எண்ணெயிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். ஹனிபா பாய் வேர்க்க விறுவிறுக்க முழு ஊரையும் கடந்து வந்து சேர்ந்தபோது வெயிலுகந்தான் இரண்டாவது டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மஞ்சநேரியின் நடு மாடத்தியின் டீக்கடைதான் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

புருஷன் செத்த பிறகு அந்தத் தகரக் கடைதான் மாடத்திக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோறு போட்டது. அது போனால் நடுத்தெருதான். தலைவர் வீட்டுக்கே போய் நின்றாள்.

"நடுவை வேற எங்கயாச்சும் வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. எங்களை விட்டுருங்க."

"நானா தாயி வச்சேன்? ரெண்டு பேரு கால் கடுக்க நடந்து கண்டுபிடிச்சதுல்லா," என்றார் தலைவர். அவருக்கும் வருத்தம்தான். அந்த வடையை அவரும் தின்கிறவர்.

டவுனிலிருந்து பொறியாளர் அன்புச்செழியன் வந்தார். முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால் புதுக் கட்டடத்தின் சுவர்களைத் தரையில் வரைந்தார். கோடு டீக்கடையின் இடது பக்கம் வந்து முட்டி வலது பக்கமாகக் கிளம்பிப் போனது. கடையின் முன்பாதி கட்டடத்துக்குள்ளே, பின்பாதி வெளியே. கடைக்குச் சற்றுத் தள்ளி, வாசல் வரவேண்டிய இடத்தில் மட்டும் கோடு போடாமல் விட்டிருந்தார்.

"இதுதாங்க இனிமே உங்க சுவர்," என்று மன்றத்தாரிடம் சொன்னார். "அஸ்திவாரம் தோண்ட ஆள் வர்ற வரைக்கும் ஒருத்தரும் கோட்டைத் தாண்டக் கூடாது. போறது வர்றது எல்லாம் வாசல் வழியாத்தான். நாளைக்கு இங்கேயே கூட்டம் போட்டு, இந்தக் கடையை இடிக்க ஒரு தீர்மானம் போட்டுருங்க. நான் அடுத்த வாரம் வரேன்."

மறுநாள் காலையில் மன்றத்தார் நான்கு பேரும் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். ஹனிபா பாய் நல்ல உயரம். தலை இடிக்காமல் குனிந்து வந்தார். உள்ளே வந்ததும் தலைவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, புதுக் கட்டடத்தில் காற்றோட்டம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடவுள் வாழ்த்துப் பாடினார்கள்.

ராத்திரியெல்லாம் அழுத மாடத்திக்கு அன்றைக்குக் கடை திறக்கவே நேரமாகிவிட்டது. அவர்கள் பாடிக்கொண்டிருந்தபோதுதான் வந்து, அவசர அவசரமாகத் தண்ணீர் தெளித்துக் கோலப்பொடியோடு குனிந்தவள் கண்ணில் அந்த வெள்ளைக் கோடு பட்டது. நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. கோலத்தில் இழையைச் சேர்க்காமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று பழகிய கை. போய் அந்த இடைவெளியைப் பாந்தமாக இழுத்துச் சேர்த்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கும்போது வெயிலுகந்தான் எழுந்து, ஒதுங்கப் போகவேண்டும் என்று அனுமதி கேட்டார். போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, வாசலைக் காணோம்."

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். நான்கு பக்கமும் சுவர். செருப்புகள் மட்டும் வெளியே கிடந்தன.

சந்தைக்கு வந்த ஜனம் சுற்றிக் கூடிவிட்டது. கத்தரிக்காய் விற்கிற பாண்டி, "தாண்டி வாங்களேன் அண்ணாச்சி," என்றான்.

"சுவரேறிக் குதிக்க நாங்க என்ன களவாணிப் பயலுவளா?" என்று தலைவர் கேட்டார்.

அந்த நேரம் ஒரு நாய் கோட்டைக் கடந்து உள்ளே வந்து, மன்றத்தை மோந்து பார்த்துவிட்டு, மறுபக்கமாக வெளியே போயிற்று.

"நாய் போவுதே டீச்சர்," என்றார் ஹனிபா பாய்.

"அது சுவரைப் பாக்கல," என்றார் லூர்தம்மாள். "பாத்திருந்தா முட்டியிருக்கும்."

வெயில் ஏறியது. கூரை போடாமல் விட்டதற்காகப் பொறியாளரைக் கண்டித்தார்கள். சுவர் நிழலில் உட்காரலாம் என்று மேற்குக் கோட்டோரம் போய் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நிழல் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். வெயிலுகந்தான் மட்டும் உட்காரவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்.

மாடத்திக்கு முதலில் பக்கென்றது. தான் செய்த காரியம்தான் என்று புரிந்ததும் ஓடிப்போய் அழித்துவிடலாமா என்று பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கடைக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, எங்க கடை முன்கதவு உங்க பக்கம் இருக்கு, பின்கதவு தெருப்பக்கம் இருக்கு. ரெண்டும் தொறந்துதான் கெடக்கு. என்ன செய்ய, கடையைத்தான் இடிக்கப் போறியளே."

மன்றத்தார் கூடிப் பேசினார்கள்.

"இடிச்சுப்போட்டு, அப்புறமா போவமா?" என்றார் ஹனிபா பாய்.

"இடிச்சா அந்த இடத்துலயும் சுவரு வந்துரும் பாய். அப்புறம் நம்ம ஆயுசுக்கும் உள்ளேதான்," என்றார் டீச்சர்.

தலைவருக்கு உடம்பு சிலிர்த்தது. மாடத்தியின் டீக்கடையே மஞ்சநேரி நகராட்சியின் தலைவாசல், அதை எக்காலத்திலும் யாரும் இடிக்கக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். வெயிலுகந்தான் இரண்டு கையையும் தூக்கி ஆதரித்துவிட்டு, தூக்கிய கையோடு கடைக்குள் புகுந்து பின்கதவு வழியாக ஓடினார்.

மாடத்தி அன்றைக்கு எல்லோருக்கும் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சுண்ணாம்புக் கோடு ஓர் இடத்திலும் மிஞ்சவில்லை. திரும்பி வந்த பொறியாளர், "கோடெல்லாம் எங்கேங்க?" என்று கேட்டதுதான் தாமதம், தலைவர் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மழைக்கு மொத்தக் கட்டடமும் போயிட்டே, என்ன கலவைவே போட்டீரு? நல்லவேளை உள்ளே ஆள் இல்ல. தலைவாசல் மட்டும் அசையாம நிக்கு பாத்தீரா? அது மாடத்தி கட்டுனது."

பொறியாளர் நான்கு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டீகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். கட்டட வேலையை மாடத்தியிடமே ஒப்படைத்தார்கள்.

இப்போது அவள் விடிகாலையில் தண்ணீர் தெளித்து நகராட்சியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பால் காய்ச்சுகிறாள். தலைவர் வந்து ரிப்பன் வெட்டுகிறார். பொழுது சாய்வதற்குள் சந்தை மாடுகள் அதை இடித்துவிடும். மறுநாள் வேறு தினுசில் புதுசு. தினமும் புது நகராட்சி திறக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

மார்கழி பிறந்ததும் கலர்ப்பொடி போட்டு மாடியும் எடுத்துவிட்டாள். மாடியில் உட்காருகிறவர்கள் கீழே எட்டிப் பார்க்கக் கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெயிலுகந்தான் கேட்கவில்லை, எட்டிப் பார்த்து, தலை சுற்றி, விழுந்துவிட்டார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் முழங்கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அப்படி ஒரு கட்டட வேலை எங்கள் மாடத்தியுடையது.