பிரேக் பிடிக்காத விமானம்

திருச்சி விமான நிலையத்து வாசலில் ஒரு வேன் ஜனம் இறங்கி நின்றது. துபாயிலிருந்து மூன்று வருஷம் கழித்து வருகிறான் அடைக்கலம். அவன் மனைவி செல்லக்கிளியின் ஒரு கையில் மாலை, இன்னொரு கையில் கருவாட்டுக் குழம்புத் தூக்கு. இடுப்பில், அப்பாவைப் போனில் மட்டுமே பார்த்திருக்கும் மகள். நேரில் பார்த்ததும் பிள்ளை அவனிடம் போகுமா, அலறுமா என்ற கவலையே அவளைத் தின்றது.

பொன்னழகு மாமாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அடைக்கலத்தின் பயணத் தகவலைப் போனில் கேட்டு, வேன் பிடித்து, துவரங்குறிச்சியிலிருந்து எல்லோரையும் கிளப்பிக் கொண்டுவந்தவர் அவர்தான். காத்திருந்த நேரத்தில் வாய் சும்மா இருக்குமா?

"பிளேன்னா என்ன வேகம்ங்கிறே! சென்னையில நான் பெல்ட் மாட்டுறேன், மாட்டி முடிக்கல, திருச்சி வந்துருச்சு கழட்டுங்கன்னுட்டாங்க."

"முந்நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குண்ணே," என்றான் டிரைவர் சேவியர். "பிளேனுக்கே ஒரு மணி நேரம் ஆகும்."

"அது நீ போற பிளேனு. நான் அடுத்த தடவை போனப்ப பக்கத்து சீட்டுக்காரரு தும்முனாரு. 'அச்'சுன்னது மீனம்பாக்கத்துல. 'சூ' இங்க வந்துதான் கேட்டுச்சு."

"தும்மல் பாவம், எங்கயும் மோதலையே?"

"கேளுடா. மூணாந்தடவை வந்து எறங்குறேன், உச்சி வெயிலு, கீழ பாத்தா என் நிழலைக் காணோம். அதால பிளேன் வேகத்துக்கு ஓட முடியல. விழுப்புரத்துல டீ குடிச்சிட்டு, சாயங்காலம் பஸ்ஸுல வந்து சேந்துச்சு!"

செல்லக்கிளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளேயிருந்து வந்தவர்களெல்லாம் போய் வாசல் காலியானதும் அவள் முகம் சுருங்கியது. போன் அடித்தது.

"எங்க புள்ள இருக்கீங்க? வாசல்லயே நிக்கிறேன்," என்றான் அடைக்கலம்.

"நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம்!"

"மதுரை ஏர்போர்ட் வாசல்லயா?"

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. "மாமா, எந்த ஏர்போர்ட்டுன்னு அவர்கிட்ட கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்குவாரேம்மா," என்றார் மாமா. சேவியர் வேன் சாவியைத் தேடினான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாப்பிள்ளை பிளேன் இங்கதான்மா வந்திருக்கும். அந்த வேகத்துக்குப் பிரேக் எங்க பிடிக்கும்? இழுத்துக்கிட்டுப் போய் மதுரையில நின்னிருக்கு!"

செல்லக்கிளி மாலையையும் தூக்கையும் அவர் கையில் திணித்தாள்.

"நல்ல வேளை மாமா, கடலுக்கு இந்தப் பக்கமே நின்னுச்சு. வேன்ல ஏறுங்க."