கட்டுச்சோறு சுமந்த கழுதை

இந்தப் பக்கம் திரும்பிப் படுடி பவிஷா. அழுதது போதும், மூக்கு அடைச்சுக்கிட்டா எனக்குத்தான் ராத்திரி முழுக்கப் பயம். கணக்குல பெட்டிக்குள்ள எட்டு போட்டியாம், டீச்சர் தப்புன்னுட்டாங்களாம், அதுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடமே வேண்டாமாம். இப்படித்தான் ஒரு நாள் ரெண்டு நாள்னு நின்னு, நான் ஒரேயடியா நின்னுட்டேன். சரி, அத விடு. கதை கேக்குறியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு கழுதை. பேரு செவத்தி. அத வளர்த்தவ வேலம்மா. வேலம்மாவுக்கு ஒரே மக, அன்னக்கொடி. ஆத்துக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்திருந்தாங்க. அவளுக்கு அப்போ நிறை மாசம். அம்மா வீட்டுலேருந்து கட்டுச்சோறு போகணும்ல? அது வந்தாத்தான் சாப்பிடுவேன்னு காலையிலேருந்து பச்சத்தண்ணியோட வாசப்படியிலயே உக்காந்திருக்கா. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டுப் பட்டினி. நினைச்சாலே எனக்குப் படபடன்னு வருது.

அப்புறம், வேலம்மா சோத்தையெல்லாம் வாழை இலையில ஒரே அளவா பொட்டலம் கட்டினா. செவத்தி முதுகுல ரெண்டு தோல் வார், ஒரே நீளம், பக்கம் பக்கமா. வாருக்கு இந்தப் பக்கம் அஞ்சு புளிச்சோறு, மூணு தயிர்சோறு. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணுன்னு கயிறு போட்டு ரெண்டையும் ஒண்ணாச் சேத்துக் கட்டினா. அந்தப் பக்கம் பாரமே இல்லாத ஒரு காலி ஓலைப்பெட்டி, அதோட பக்கத்து வீட்டு அக்கா குடுத்த எள்ளுச்சோறு ரெண்டு. அதுக்கும் அதே மாதிரி கயிறு. மிச்சம் எலுமிச்சஞ்சோறு, அது பெட்டிக்குள்ள போகணும். செவத்திக்கு ஒரு குணம். ரெண்டு பக்கமும் ஒரே பாரமா இருந்தாத்தான் நடக்கும். இல்லன்னா உக்காந்துக்கும்.

"ம்."

அப்போ வேலம்மா, இந்தப் பக்கம் அஞ்சும் மூணும் எட்டாச்சே, பெட்டியிலயும் எட்டுன்னு போட்டா. செவத்தி ஒரு அடி வச்சுது. டொக். பெட்டிப் பக்கமா சாஞ்சுது. தொப்புன்னு உக்காந்துடுச்சு.

அப்புறம் அவ, எந்தப் பக்கம் சாஞ்சுதுன்னு பாக்காம, பத்தலை போலன்னு நினைச்சு, கழுதை மேல தொங்குற மத்த பொட்டலத்தையெல்லாம் எண்ணினா. அஞ்சு, மூணு, ரெண்டு, எல்லாம் பத்து. பெட்டியில இருந்த எட்டைப் பத்தாக்கினா. செவத்தி இந்தத் தடவை நிக்கவே இல்ல. தடதடன்னு புரண்டு, நாலு காலும் மேல. ங்ஹீ... ங்ஹீ... சிரிக்காதடி, அங்க பொண்ணு பசியில சுருண்டு கெடக்கா. பொழுது வேற எறங்குது.

வேலம்மா கழுதையை வைதா, கெஞ்சினா, நிமித்தி விட்டு அது பக்கத்துலயே தரையில உக்காந்து அழுதா. அப்போ கண்ணுக்கு நேரா எள்ளுச்சோறு ரெண்டும் ஆடுது. அடியாத்தி, இது ரெண்டும் பெட்டிப் பக்கத்துப் பாரம்தானே, இத விட்டுட்டுப் பெட்டியை மட்டும் பாத்தேனேன்னு தலையில தட்டிக்கிட்டா. உடனே பெட்டியைக் கவுத்துட்டு மறுபடி போட்டா. எத்தனை போட்டிருப்பா? விரல விட்டே எண்ணு. நான் பாக்கல.

"...ஆறு?"

ஆறேதான். செவத்தி எந்திரிச்சுது. இந்தப் பக்கம் சாயல, அந்தப் பக்கம் சாயல. டொக்கு டொக்குன்னு மேட்டுல, சளக்கு சளக்குன்னு ஆத்துல. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேந்துடுச்சு. வேலம்மா நடந்ததைச் சொல்லி அழுதுக்கிட்டே முதல் உருண்டையை நீட்டினா. அன்னக்கொடி அத வாங்கிக் கழுதை வாயில வச்சா.

"எனக்கு அப்புறமா ஊட்டு, இரும்மா. அதுதான் ஒழுங்கா எண்ணுச்சு" ன்னாளாம்.

"அம்மா, அந்த ரெண்டு வாரு..."

என்ன கண்ணு? ஆமா, உன் கணக்குல நடுவுல சமம்னு படுத்திருக்கே ரெண்டு கோடு, அதேதான். அதப் பாத்ததும் கூட்டி எழுதிடணும்னு இல்லடி. ரெண்டு பக்கமும் பாத்து, கழுதை சாயாம பாத்துக்கணும்.

"நாளைக்கு டீச்சர்கிட்ட கழுதை கதையைச் சொல்லட்டா?"

சொல்லேன். சொல்லணும்னா போகணுமே... ஐயோ, யூனிபாரம் கொடியிலயே கெடக்கு, பனியில நனைஞ்சிருக்கும், நான் போய் எடுக்குறேன். கழுதை படுத்துடுச்சு, கதையும் படுத்துடுச்சு. நீயும் கண்ண மூடு.