கம்ப்யூட்டருக்குச் சொன்ன பொய்

டர்போ பொருத்திய கார் வேகமாக ஓடும் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை இன்னும் எத்தனை பிஸ்டன்களைக் காவு வாங்குமோ தெரியாததால், கதைக்கு முன் இதைத் திருத்துவது என் கடமையாகிறது. டர்போ தருவது காற்று, வெறும் காற்று. வாயுவை மட்டும் உண்டு வாழ்ந்த முனிவர்கள் புராணங்களில் உண்டு. அவர்களில் யாரும் மலையேற்றப் பந்தயம் ஓடியதாகச் செய்தி இல்லை. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அது குறைந்தால் எஞ்சினுக்குள் சூடேறித் தட்டும் சத்தம் கேட்கும். மெக்கானிக்குகள் அதை நாக்கிங் என்பார்கள். பிறகு பிஸ்டன் உருகும். பிறகு எந்தச் சத்தமும் கேட்காது.

கோவையில் நிறைமதி என்றொரு பெண் மலைப்பாதைக் கார்ப் பந்தயங்களில் ஓட்டிவந்தாள். வீட்டில் இருந்தது ஒரே கார். வாரநாட்களில் அதில்தான் அவள் கணவர் சபேசன் ஆபீஸ் போய்வந்தார். அவர் ஓட்டினால் பின்சீட்டில் வைத்த ரசம் தளும்பாது. டர்போவுக்கு அவர் சம்மதித்தது ஒரே நிபந்தனையில்.

"என்னமோ பண்ணிக்கோ மதி. ஆனா கம்பெனிக்காரன் வெச்ச கம்ப்யூட்டரைக் கழட்டக் கூடாது. காலைல சாவி போட்டா வண்டி கிளம்புது பாரு, அது அதனாலதான். வண்டியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"கழட்ட மாட்டேங்க. சத்தியம்."

பழைய புகைக்குழாயை அறுத்தெறிந்து டர்போவைப் பற்றவைத்த பிறகுதான் பெட்ரோலுக்கு என்ன வழி என்ற பேச்சே வந்தது. மண்டபம் பிடித்துவிட்டுப் பெண் தேடுகிற கதை. இனித் திரும்பிப் போக வழியில்லை. முன்னே போக மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள்.

பம்பு ரிப்பேர் பார்க்கும் மாசிலாமணி சொன்னார்: "பெட்ரோல் லைன்ல ஒரு ரெகுலேட்டர் வெச்சுக்கலாம் அம்மிணி. டர்போ ஊதுறப்ப மட்டும் அது பெட்ரோலையும் அழுத்தித் தள்ளும். மத்த நேரம் சும்மா கிடக்கும். ஆனா பாதி டர்போவுக்குத்தான் தாங்கும்."

"பாதிக்கு எதுக்குண்ணா டர்போ? நான் பின்னாடி நின்னு தள்ளிவுடறேன்" என்றான் ஆல்வின். டர்போ பொருத்திய கொட்டகை அவனுடையது. அவன் காட்டியது ஒரே திருகு கொண்ட சின்னப் பெட்டி. உள்ளே வரும் காற்றின் அளவை அது கம்ப்யூட்டரிடம் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். மெதுவாகப் போனாலும் கூட்டித்தான் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி, பெட்ரோலைக் கூட்டி ஊற்றும்.

பந்தயக் கார்களுக்கு வேறு கம்ப்யூட்டர் பொருத்தித் தரும் நாச்சியப்பன் லேப்டாப்போடு வந்து சிரித்தார். "பொய் எதுக்கு மேடம்? அதைத் தூக்கிக் கடாசிட்டு நம்ம கம்ப்யூட்டரை வைப்போம். முழு பலமும் வரும்."

"காலைல சாவி போட்டதும் கிளம்புமா?"

"பழகப் பழகக் கிளம்பும்."

சத்தியமும் காக்க வேண்டும், முழு பலமும் வேண்டும். நிறைமதி பெட்டியைத் தேர்ந்தாள். ஆல்வினிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்துக் கொட்டகையில் ஒரு கார் எரிந்ததிலிருந்து, பூட்டுமுன் உள்ளே நிற்கும் எல்லா வண்டிகளின் பேட்டரி வயரையும் கழற்றிவிடுவான். பெட்டியைப் பொருத்திய மறுநாள் காலையில் வயரை மாட்டி, மேம்பாலத்தில் அவளை ஓட்டச் சொன்னான். கார் பறந்தது.

வீட்டுக்கு வந்த காரைச் சபேசன் வாரம் முழுக்க ரசம் தளும்பாமல் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தில் மூன்றாம் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் நாக்கிங் தொடங்கியது. அவள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மாற்ற வேறு எஞ்சின் கிடையாது.

காரைக் கொட்டகையில் விட்டாள். மறுநாள் காலையில் மேம்பாலத்தில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பல்வலி தீர்ந்துவிடுமே, அதுபோல.

"அக்கா, வண்டில ஒண்ணுமில்ல. உங்க மனசுலதான் நாக்கிங்" என்றான் ஆல்வின்.

வீட்டில் நான்கைந்து நாள். ஏற்றத்தில் மறுபடியும் தட்டல். கொட்டகையில் ஓர் இரவு, மறுபடியும் நிரபராதி. போட்டி நெருங்கிவிட்டது. ஆல்வின் திருகை இன்னும் ஏற்றலாம் என்றான். நாச்சியப்பன், "பழைய கம்ப்யூட்டரைத் தூக்குங்க மேடம், வீட்டுக்காரர் சமாதானமாயிடுவார்" என்றார். மாசிலாமணி, "பொட்டியைக் கழட்டிட்டு ரெகுலேட்டரை வெய்யி அம்மிணி. பாதி போதும்" என்றார். எஞ்சினை இழக்க முடியாது, வாக்கை மீற முடியாது, பாதி பலத்தில் ஜெயிக்கவும் முடியாது. மூன்று பக்கமும் சுவர்.

வாசகரே, புத்தகத்தை மூடிவிட்டு யோசியுங்கள். கொட்டகையில் உத்தமனாக இருந்த கார் மலையில் ஏன் தட்டியது? அவள் கொடுத்த வாக்குக்குள் நின்று பார்த்தால், மூவரில் யார் சொன்னது சரி?

விடை: மாசிலாமணி சொன்னதே சரி. கம்ப்யூட்டர் முட்டாள் அல்ல. நிதானமாக ஓடும்போது புகையைச் சோதித்துப் பார்க்கும். சபேசன் ஓட்டிய ஒவ்வொரு நாளும் அது, 'பெட்ரோல் அதிகம்' என்று கண்டுபிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டது. முழுவேகத்தில் புகையைப் பார்க்க அதற்கு நேரமில்லை. அந்தக் குறைத்த கணக்கையே நம்பும். அதனால் மலையில் தட்டியது. திருகை ஏற்றினால் அதையும் கற்றுக்கொள்ளும். ஆல்வின் பேட்டரி வயரைக் கழற்றியபோதெல்லாம் கற்றதை மறந்து, காலையில் பொய்யைப் புதிதாக நம்பியது. நாச்சியப்பனின் வழி நல்ல வழிதான். வாக்கு அதை அடைத்துவிட்டது. ரெகுலேட்டர் யாரிடமும் பொய் சொல்வதில்லை. ஊதும்போது மட்டும் தள்ளுகிறது. கம்ப்யூட்டர் திருத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

நிறைமதி பெட்டியைக் கழற்றி ரெகுலேட்டரை வைத்து, பாதி டர்போவில் ஏறி, தட்டாமல் உச்சிக்குப் போய், நான்காவதாக வந்தாள். அடுத்த மாதம் சபேசன், "கம்ப்யூட்டரையும் மாத்திக்கோ மதி" என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸுக்குப் பாஸ் எடுத்தார்.