பல்லி வைத்த பட்டாபிஷேக அங்கி

கொப்பரைக்கோட்டை அரண்மனையில் எல்லாம் இருந்தது. மூளைக்கு மட்டும் கொஞ்சம் தட்டுப்பாடு.

தலைமைத் தையல்காரர் ஆவுடையப்பனும் அந்த அரண்மனைக்காரர்தான். இளைய ராஜாவின் பட்டாபிஷேகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது திவான் அவரைக் கூப்பிட்டு, சுவரில் தொங்கிய பெரிய ராஜாவின் படத்தைக் காட்டினார்.

"பேரனுக்கும் இதே அங்கிதான். படத்துல இருக்கறது எதுவும் விட்டுப்போகக் கூடாது, இல்லாதது எதுவும் சேரக் கூடாது. பிசகினா ஊரைவிட்டே துரத்திடுவேன்."

ஆவுடையப்பன் போன வாரம்தான் வீட்டுக்குப் புதுக் கூரை போட்டிருந்தார், பாவம்.

கையாட்கள் மாசிலாமணியும் சங்கிலியும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். சிவப்பு வெல்வெட், கழுத்துவரை சரிகை, இடது தோளில் ஒரு பல்லி.

"பல்லி எதுக்குண்ணே?" என்றான் சங்கிலி.

"ராஜாங்க விஷயம், நமக்கெதுக்கு? தைச்சிடு."

அன்றைக்கே தங்க நூலில், வாலோடு தைத்து முடித்தார்கள்.

அடுத்து முதுகு. பெரிய ராஜாவின் முதுகை யார் கண்டது? மூவரும் அரைநாள் தலையைச் சொறிந்தார்கள். கடைசியில் மாசிலாமணி எழுந்து படத்தைத் திருப்பினான். பின்னால் ஒரு பலகை, அதன் மேலே வளையம், வளையத்தில் கயிறு.

"அடேங்கப்பா, என்ன கம்பீரம்!" என்று ஆவுடையப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தச்சரை வரவழைத்து, அங்கியின் முதுகில் வளையமும் கயிறுமாகத் தேக்குப் பலகை அடித்தார்கள்.

பட்டாபிஷேக நாளில் ராஜாவால் குனியவே முடியவில்லை. சிம்மாசனத்தில் உட்காரவைத்தால் வழுக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"ராஜா எப்படிய்யா உட்காருவார்?" என்று திவான் கத்தினார்.

"பெரிய ராஜா என்னைக்குங்க உட்கார்ந்தார்? தொங்கிட்டுத்தானே இருக்கார்?" என்றார் ஆவுடையப்பன்.

திவான் படத்தைப் பார்த்தார். வாஸ்தவம்தான். ஏணி வந்தது, ஆணி வந்தது. தாத்தாவுக்குப் பக்கத்திலேயே பேரனை மாட்டி, தலையில் கிரீடத்தை வைத்தார்கள். சபையே கைதட்டியது. ஆவுடையப்பனுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்போது திவான் தாத்தா தோளையும் பேரன் தோளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யோவ், படத்துல பல்லி இல்லையே!"

போச்சு, புதுக் கூரை போச்சு! ஆவுடையப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்கு மேலே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது பல்லி.

"அதோ இருக்குங்க! கொஞ்சம் வெளியே போயிருக்கு. இப்ப வந்துடும்."

"வரலேன்னா?"

சபை முழுக்க மோவாயைத் தடவி யோசித்தது. பதில் சுவரிலிருந்து வந்தது.

"யாராவது ஒரு பூச்சியைப் பிடிச்சு எங்க தாத்தா தோள்ல வைங்கய்யா," என்றார் ராஜா, தொங்கியபடியே. "மறந்து என் தோள்ல வெச்சுடாதீங்க, ரெண்டு பல்லி ஆயிடும்!"