இருபத்தாறு டிக்கி முகங்கள்

தூத்துக்குடியில் ஒரு குரு இருந்தாள். தான் குரு என்பது அவளுக்கே தெரியாது. லாரிக்கும் மீன் வண்டிக்கும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கடை வைத்திருந்தாள். பேர் தெக்லா. வயது நாற்பது.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். பேர் கஸ்பார். வயது அறுபத்திரண்டு. முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பலில் உழைத்துவிட்டுக் கரைக்கு வந்த மனுஷன்.

அவர் சீடரான கதை சின்னதுதான். ஒருநாள் காலையில் கடைக்கு வந்து, வீட்டுக் கதவில் ஒட்ட ஒரு முகம் வேண்டும் என்றார்.

"என்ன முகம் அண்ணாச்சி? வாசல்ல எல்லாம் தொங்குதே, நாக்கைத் தள்ளிக்கிட்டு, திருஷ்டிப் படம். அதுவா?"

"அது இல்ல. டிக்கி."

"டிக்கியா? கார் டிக்கியில ஒட்டுததா?"

காத்திருந்த லாரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பல் போன வழியில், தெற்குக் கடல் தீவுகளில் பார்த்தது என்றார். மரத்தில் செதுக்கி ஆள் உயரத்துக்கு நிறுத்தியிருப்பார்களாம். தட்டு மாதிரி கண். அகல மூக்கு. காது வரைக்கும் வாய், வாய் நிறையப் பல். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரியவர்கள் முகமாம், தொட்டுக் கும்பிடுவார்களாம்.

"அப்படி ஒண்ணு கதவுல இருந்தா, வீட்டுல ஆள் இருக்க மாதிரி இருக்கும்லா," என்றார்.

தெக்லா அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வீட்டில் ஆள் இல்லை என்பது தெருவுக்கே தெரியும். பிள்ளை இல்லாத வீடு. அவர் பெண்சாதி அமலோற்பவம் மணப்பாட்டில் அக்காள் வீட்டுக்குத் திருவிழா பார்க்கப் போனவள். திருவிழா முடிந்து ஏழு மாதம் ஆகிறது.

"நான் அந்த முகத்தைப் பாத்ததில்ல அண்ணாச்சி," என்றாள். "நீங்கதான் பாத்திருக்கீங்க. நீங்களே வரைங்க."

பழைய டேப்லெட் ஒன்றைத் துடைத்து, படம் வரைகிற ஆப்பைத் திறந்து, பேனாவை நீட்டினாள். அன்றைக்கே அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

கயிறு இழுத்துக் காய்த்துப் போன கை. பேனாவைக் கடப்பாறை மாதிரிப் பிடித்தார். கோடு ஒரு பக்கம் போனால் கை ஒரு பக்கம் போனது. "கண்ணாடி உடைஞ்சிரும் அண்ணாச்சி, அது நங்கூரம் இல்ல," என்பாள் தெக்லா. கலர் எடுப்பது, அழிப்பது, பெரிதாக்குவது, எல்லாம் மெல்லப் பழகிற்று.

நாலாம் நாள், முதல் முகம் தொடங்கும் முன்னால், கண்ணாடி வித்தையைக் காட்டிக் கொடுத்தாள். ஒரு பொத்தானைத் தொட்டால் திரைக்கு நடுவில் கோடு விழும். கோட்டுக்கு இடப்பக்கம் ஒரு கண் வரைந்தால், வலப்பக்கம் இன்னொரு கண் தானாக முளைக்கும். பாதி மூக்கு போட்டால் முழு மூக்கு.

கஸ்பார் அசந்து போனார். "இப்படி ஒருத்தன் கப்பல்ல எனக்குக் கூட இருந்திருந்தா, முதுகு வலி வந்திருக்காது," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானை அவர் அணைக்கவே இல்லை.

தினம் பதினோரு மணிக்கு வருவார். ஒரு முகம் முடிப்பார். போய்விடுவார். அவர் அன்றைக்குப் பேசுகிற முதல் பேச்சும் கடைசிப் பேச்சும் அந்தக் கடையில்தான். வீட்டுக்குப் போனால், சாவி தன் பையில்தான் இருக்கிறது என்று தெரிந்தும், கதவை ஒரு தரம் தட்டிவிட்டுத்தான் திறப்பார். உள்ளே அமலோற்பவம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன தட்டு, கவிழ்த்தபடியே இருக்கும். அதை எடுத்து அவர் சாப்பிட்டதில்லை.

இருபத்தாறாவது முகம் முடிந்த அன்றைக்கு, பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இருபத்தாறு மூஞ்சி வரைஞ்சிட்டேன். கண்ணு இருக்கு. மூக்கு இருக்கு. பல்லும் குறைவில்ல. ஆனா ஒண்ணுகூட என்னைப் பாக்க மாட்டேங்குதே. ஏன்?"

தெக்லா ஒரு லாரிக்கு 'அம்மாவின் ஆசி' வெட்டிக்கொண்டிருந்தாள். எழுத்துக்கு நடுவிலிருந்த துண்டுகளை ஊசியால் கிள்ளி எடுத்து முடித்தாள். கையைத் துடைத்தாள். டேப்லெட்டை வாங்கி, அவர் வரைந்த முதல் முகத்தைத் திறந்து, எதையோ தொட்டாள்.

திரை வெள்ளையாயிற்று. பிறகு கஸ்பார் போட்ட முதல் கோடு, கை இல்லாமல், தானாக ஓடி வந்தது.

"இதை எப்ப எடுத்தீங்க?"

"நான் எடுக்கல. வரையுததை எல்லாம் அதுவே ஞாபகம் வச்சுக்கும். நீங்க அழிச்சதும் அதுல இருக்கும்."

கஸ்பார் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

கண் வந்தது, இரண்டாக. புருவம் வந்தது. மூக்கு வந்தது. வாய்க்கு முன்னால், மேலுதட்டுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் புள்ளி வந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அழிந்தது. அழிந்த இடத்தில் வாய் ஆவென்று திறந்து, பல் வரிசையாக இறங்கி மூடிற்று.

தெக்லா இரண்டாவது முகத்தை ஓட்டினாள். கண், புருவம், மூக்கு. இரண்டு புள்ளி. அழிந்தது. பல்.

மூன்றாவதும் அப்படித்தான்.

ஒன்பதாவதில் கஸ்பார், "போதும் டீச்சர்," என்றார்.

"இன்னும் இருக்குல்லா."

லாரிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "சாயங்காலம் வாங்க," என்று அனுப்பிவிட்டு, இருபத்தாறையும் ஓட்டி முடித்தாள்.

"அது என்ன புள்ளி அண்ணாச்சி?"

"கை பட்டிருக்கும்."

"இருபத்தாறு தரமுமா?"

அவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். உப்பு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போயிற்று. அது தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சம்," என்றார். "அமலோற்பவத்துக்கு உண்டு. உதட்டுக்கு மேல."

"ரெண்டா?"

"ஒண்ணுதான். இந்தச் சனியன் ஒண்ணு வச்சா ரெண்டு வைக்குது. அதான் அழிச்சேன்."

தெக்லா அந்தப் பொத்தானைத் தொட்டாள். நடுக்கோடு மறைந்தது. இருபத்தாறாவது முகத்தில் வாயையும் பல்லையும் துடைத்தெடுத்துவிட்டு, டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள்.

"இப்ப ஒண்ணு வச்சா ஒண்ணுதான் வரும். வைங்க."

கஸ்பார் பேனாவை எடுத்தார். இடப்பக்கம் கொண்டு போனார். நிறுத்தினார். வலப்பக்கம் கொண்டு போனார். அங்கேயும் நிறுத்தினார்.

தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். அவள் எதிரே நிற்கிறாள் என்று வைத்துக்கொண்டு, இந்தக் கைப்பக்கமா அந்தக் கைப்பக்கமா என்று விரலைக் காற்றில் ஆட்டினார். அவள் அடுப்பைப் பார்த்து நிற்கிற முதுகு ஞாபகம் வந்தது. லீவு முடிந்து பஸ்ஸில் ஏறியபின் தூரத்தில் ஆடிய கை ஞாபகம் வந்தது. கரைக்கு வந்த பிறகு, காலை ஐந்து மணிக்கு அவளை எழுப்பி, தரையில் அழுக்கு இருக்கிறது, கப்பல் தளத்தில் இப்படி இருந்தால் சோறு கிடையாது என்று தான் சத்தம் போட்டது ஞாபகம் வந்தது. அப்போதெல்லாம் அவர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கப்பல்லயே இருந்திருக்கலாம்," என்று அவள் சொன்ன அன்றைக்கும் தரையைத்தான்.

"போன்ல படம் இருக்கு," என்று அவசரமாகச் சட்டைப் பையைத் தடவினார். திருவிழாவுக்குக் கிளம்பும்போது அவளே எடுத்து அனுப்பியது. வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் அவள். மச்சம் வலப்பக்கம். கஸ்பார் முகம் தெளிந்தது.

தெக்லா வாங்கிப் பார்த்தாள். "இது தன்னைத்தானே எடுத்தது அண்ணாச்சி. சில போன்ல கண்ணாடி மாதிரி பக்கம் மாறி விழும். பின்னால எழுத்து கிழுத்து இருந்தா சொல்லிருவேன். வெறும் சுவரால்லா இருக்கு."

"அப்ப இது சரியா, தப்பா?"

"தெரியாது."

"கல்யாணப் படம் ஒண்ணு இருந்துச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதை அவ எடுத்துட்டுப் போயிட்டா."

"எடுத்துட்டா போயிருக்காக?"

"ஆமா. சேலை நாலு, அந்தப் படம். வேற ஒண்ணும் எடுக்கல."

தெக்லா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன்ல கேட்டிரலாம். ஆனா கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இதை எப்படிக் கேக்க?"



திரையில் வாய் இல்லாத முகம் இரண்டு பெரிய கண்ணோடு காத்துக்கொண்டிருந்தது. கஸ்பார் பேனாவை அவள் பக்கம் நீட்டினார்.

"டீச்சர், ஏதாவது ஒரு பக்கம் நீங்களே வச்சிருங்க. கதவுல ஒட்டுததுதானே. யாருக்குத் தெரியப் போகுது?"

"நான் அந்த முகத்தைப் பாத்ததில்ல அண்ணாச்சி."

கஸ்பார் நீட்டிய கையை மடக்கவில்லை.

"நானுந்தான்," என்றார்.

தெக்லா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினாள்.

"திருச்செந்தூர் பஸ் பன்னெண்டரைக்கு. அங்க இறங்கி மணப்பாட்டுக்கு மாறணும். பாத்துட்டு வந்து வைங்க."