லோவெல் உட்காரும் இடம்

மைதானத்தில் இறங்கியதும் ரீஸ் முதலில் பந்தைத் தேட மாட்டான். ஒரு இருக்கையைத் தேடுவான்.

பார்வையாளர் கூடத்தின் கீழ் வரிசையில், நட்டநடுவில் இருந்தது அந்த இருக்கை. சாம்பல் நிறத் தொப்பி போட்ட லோவெல் என்பவர் அதில் உட்கார்ந்திருந்தால் ரீஸின் கால்களுக்கு இறக்கை முளைத்துவிடும். அந்த இருக்கை காலியாக இருந்தால் அன்றைக்கு மழை கொஞ்சம் அதிகமாகப் பெய்வதுபோல அவனுக்குத் தோன்றும்.

ரீஸுக்குப் பத்தொன்பது வயது. நடுக்கள ஆட்டக்காரன். சின்னப் பையனாக இருந்தபோதே லண்டனில் ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன். அம்மா ஓட்டும் காரின் பின்சீட்டில் வீட்டுப்பாடம் எழுதியே வளர்ந்தான். கூடச் சேர்ந்த பையன்களை ஒவ்வொரு கோடையிலும் கிளப் கழித்துவிட்டுக்கொண்டே வந்தது. மிஞ்சிய சிலரில் இவன் ஒருவன். ஆனாலும் பெரிய அணியில் ஆட இடம் கிடைக்கவில்லை.

குடையையும் பாத்திரத்தையும் இரவல் கொடுப்பதுபோல ஆளையே இரவல் கொடுக்கும் வழக்கம் கால்பந்தில் உண்டு. அப்படி ஒரு பருவத்துக்கு, வடக்கே கோல்டன்ஷா என்ற சிற்றூரின் அணிக்கு அவனை அனுப்பினார்கள். பருவம் முடிந்ததும் வைத்துக்கொள்வதா, கழித்துவிடுவதா என்று முடிவு செய்வார்கள். அதற்காக அவனுடைய ஆட்டத்தைப் பார்த்து வர லண்டனிலிருந்து அனுப்பப்பட்டவர்தான் லோவெல்.

கோல்டன்ஷா அணியின் மேனேஜர் பெயர் ஹெப்பிள். பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அந்தப் பக்கத்து ஆட்டக்காரர்கள் மேனேஜரை ‘காஃபர்’ என்பார்கள். அதில் கொஞ்சம் பயம் இருக்கும், கொஞ்சம் உரிமையும் இருக்கும். ஹெப்பிள் அதிகம் பேசாதவர். ஆட்டத்தின்போது கத்துவார், அது வேறு.

ரீஸ் கெட்டிக்காரன். முதல் நாள் உணவுக் கூடத்தில், புதிதாக வந்தவன் நாற்காலி மேல் ஏறிப் பாட வேண்டும் என்ற வழக்கப்படி, சுருதியே இல்லாமல் பாடி எல்லோரையும் சிரிக்க வைத்தான். பயிற்சியில் அவன் கொடுக்கும் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். ஆனால் லோவெல் வந்துவிட்டால் போதும். நடுவில் நிற்க வேண்டியவன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அந்த இருக்கைக்கு நேர் எதிரே கோட்டோரமாக வந்துவிடுவான். பந்து கிடைத்ததும் அங்கேயே வைத்துக்கொண்டு இப்படித் திருப்பி, அப்படித் தட்டி, சகல வித்தையும் காட்டுவான். அவனை யாரும் அங்கே போகச் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போயின.

நடுவில் விழுந்த ஓட்டையை அடைத்தது கிரெய்க். அணியில் மூத்தவன், முழங்காலில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். தன் வேலையோடு ரீஸின் வேலையையும் சேர்த்து ஓடினான். அப்படியும் அணி தோற்றது. அடுத்த முறை லோவெல் வந்தபோதும் தோற்றது.

அன்று எல்லோரும் குளிக்கப் போன பிறகு ரீஸ் ஹெப்பிளைத் தேடி வந்தான். அவர் மைதானத்தின் மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சின்ன கிளப்பில் மேனேஜர்தான் கொடியையும் பிடுங்க வேண்டும்.

“காஃபர், ஒண்ணு கேட்கலாமா?”

“கேளு.”

“லோவெல் இன்னிக்கும் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டார். அவர் கண்ணுல படணும்னா நான் இன்னும் என்ன செய்யணும்?”

ஹெப்பிள் கொடியை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த மூலைக்கு நடந்தார். அவன் பின்னாலேயே போனான்.

“சனிக்கிழமை சொல்றேன்,” என்றார்.

“சனிக்கிழமை நான் ஆட முடியாதே, காஃபர்.”

“அதுவும் நல்லதுக்குத்தான்.”

சனிக்கிழமை கோப்பை ஆட்டம். குலுக்கலில் கோல்டன்ஷாவுக்கு எதிரணியாக வந்தது ரீஸின் சொந்தப் பெரிய கிளப். இரவல் வந்தவன் சொந்த கிளப்புக்கு எதிராக ஆடக் கூடாது என்பது விதி. அவனை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிற அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் வந்து உட்காரும் நாளில் அவன் காலில் பூட்ஸ் இருக்காது. இதை நினைத்து வாரம் முழுவதும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஹெப்பிள் அவனைப் பார்வையாளர் கூடத்துக்கு அழைத்துப் போனார். லோவெல் அன்று தன் கிளப்காரர்களோடு மேல் வரிசையில் இருந்தார். அவருடைய வழக்கமான இருக்கை காலியாகக் கிடந்தது.

“இங்க உட்காரு. ஆட்டம் முடியற வரைக்கும் எழுந்திரிக்காதே.”

“இதுதான் பதிலா?”

ஹெப்பிள் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

ரீஸ் உட்கார்ந்தான். முதலில் அவன் பார்த்தது ஒரு தகரக் கூரையை. மேனேஜரும் மாற்று ஆட்டக்காரர்களும் உட்காரும் கொட்டகையின் கூரை அது. புறாக்கள் அதை வெள்ளையடித்து வைத்திருந்தன. அவன் முகத்துக்கு நேரே, நீட்டமாக, அசையாமல் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. பந்து கோட்டோரம் வந்தது. வந்தது என்று கூட்டம் போட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. கூரைக்கு மேலே ஒரு தலை மட்டும் ஆடி ஆடிப் போயிற்று. கால் இல்லை, பந்து இல்லை. யாருடைய தலை என்றுகூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ரீஸ் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அப்படியும் கூரைதான் தெரிந்தது.

தான் இத்தனை நாள் வித்தை காட்டிய இடம் அதுதான். அங்கே நின்று ஒரே ஒரு முறை நிமிர்ந்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும், அங்கிருந்து இருக்கையும் தெரியாது, தொப்பியும் தெரியாது என்று. வித்தை காட்டுகிறவன் எங்கே நிமிர்கிறான்?

எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. காஃபர் சொன்னதற்காக உட்கார்ந்திருந்தான். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் நடுவைப் பார்த்தான்.

நடு முழுவதும் தெரிந்தது, கையில் எடுத்து வைத்ததுபோல. கிரெய்க் மூச்சு வாங்குவதுகூடத் தெரிந்தது. ரீஸின் இடத்தில் அன்று டேனி ஆடினான். பெரிய திறமைசாலி இல்லை. பந்து வருமுன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பான், வந்ததும் கொடுத்துவிடுவான், மறுபடி தன் இடத்தில் நிற்பான். கிரெய்க் அன்று ஓட வேண்டிய அளவுதான் ஓடினான். ஒரு முறை டேனியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். தன்னோடு ஆடும்போது கிரெய்க் சிரித்து ரீஸ் பார்த்ததே இல்லை.

பெரிய கிளப் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. இருந்தும் ஊர் எழுந்து நின்று தன் பையன்களுக்குக் கைதட்டியது. ரீஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தான்.

ஹெப்பிள் படியேறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எவ்வளவு நாளாத் தெரியும், காஃபர்?”

“அந்தக் கொட்டகை கட்டினதிலிருந்து.”

“சொல்லியிருக்கலாமே!”

“நடுவுல நில்லுன்னு தினமும் கத்தினேனே. வேற யாரைப் பார்த்துக் கத்தினேன்?”

ரீஸின் கண் கலங்கிவிட்டது. “அப்ப இத்தனை ஆட்டத்திலயும் லோவெல் என்னைப் பார்க்கவே இல்லையா?”

“நடு ஆட்டக்காரனைப் பார்க்க வந்தவர், நடுவைத்தானே பார்ப்பார்? நீ அங்க இல்லேங்கிறதைப் பார்த்தார்.”

“அப்ப முடிஞ்சுபோச்சா?”

“அடுத்த வாரம் நமக்கு ஆட்டம் எத்தனை மணிக்குன்னு இப்பதான் என்கிட்டக் கேட்டுட்டுப் போறார். முடிஞ்சுபோனவனுக்கு யாராவது மணி கேட்பாங்களா?”

அடுத்த வாரம் அப்படி ஒரு மழை. மைதானம் நாற்றங்கால்போலச் சேறாகிக் கிடந்தது. ரீஸ் நடுவில் நின்றான். முதலில் கால்கள் பழைய பக்கமே இழுத்தன. இழுத்தபோதெல்லாம் கிரெய்க்கின் முழங்காலை நினைத்துக்கொண்டான். பிறகு இழுப்பு நின்றுவிட்டது. பந்து வருமுன் தலையைத் திருப்பினான். கொடுத்தான், நின்றான், மறுபடி கேட்டான். சற்று நேரத்தில் எல்லாப் பந்தும் அவன் வழியாகவே போகத் தொடங்கியது. கடைசியில், யாரும் எதிர்பார்க்காத ஒரு சந்து வழியே அவன் தள்ளிய பந்தை டேனி ஓடிப் போய் வலைக்குள் அடித்தான். கோல்டன்ஷா ஜெயித்தது.

உடை மாற்றும் அறையில் கிரெய்க் ஒரு கோப்பைத் தேநீரை அவன் கையில் வைத்தான். “என் முழங்கால் குடுக்கச் சொல்லுச்சு,” என்றான்.

பாதித் தேநீரில் ரீஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோப்பையை வைத்துவிட்டு, ஒற்றைக் காலில் பூட்ஸோடு வெளியே ஓடினான். ஹெப்பிள் மழையில் கடைசிக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கூடம் காலியாகி இருந்தது.

“காஃபர், இன்னிக்கு லோவெல் வந்திருந்தாரா?”

“நீதானே எப்பவும் முதல்ல பார்ப்பே?”

“இன்னிக்கு நான் பார்க்கலை.”

ஹெப்பிள் கொடியை அவன் கையில் கொடுத்தார்.

“அப்ப அவர் பார்த்திருப்பார்.”